கணப்பும் குளிர்ச்சியும் யார் கையில்?

அமெரிக்காவில் தொழிலாளிக்கும் சொந்த வீடு உண்டு. அந்த வீட்டில் குளிர்காலத்துக்குக் கணப்பும் கோடைக்குக் குளிர்சாதனமும் உண்டு. ஆகவே அங்கே வர்க்கப் போராட்டத்துக்கு வேலையே கிடையாது என்று முதலாளித்துவப் பிரசாரகர்கள் பல்லாண்டுகளாக ஓதி வருகிறார்கள். மில்லில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு, தகரக் கூரையின் கீழ் வந்து படுக்கும் நமது தொழிலாளிக்கு இந்தப் பேச்சு மயக்கத்தைக் கொடுக்கத்தான் செய்யும்.

அந்த யந்திரங்கள் அங்கே இருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. அமெரிக்க வீடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஏதாவது ஒரு வகைக் குளிர்சாதனம் இருக்கிறது. ஆனால் எந்த யந்திரமும் ஒரு நாள் தேய்ந்து நிற்கத்தானே வேண்டும்? நின்ற அன்று அந்த வீட்டுக்காரருக்கு என்ன நேருகிறது? யார் வருகிறார்கள்? எவ்வளவு கேட்கிறார்கள்? அந்தப் பணம் எங்கே போகிறது? இந்தக் கேள்விகளைப் பிரசாரகர்கள் தொடுவதில்லை. நாம் தொடுவோம்.

அங்கே இந்த ஏற்பாடு, நமது ஊர்க் கடைகளில் சுவரில் மாட்டும் பெட்டியைப் போன்றதல்ல. நிலவறையிலோ பரணிலோ ஒரு கணப்பு உலை இருக்கும். பெரும்பாலும் காஸில் எரியும். அதிலிருந்து தகரக் குழாய்கள் எல்லா அறைகளுக்கும் வெப்பக் காற்றைக் கொண்டுபோகும். கோடையில் அதே குழாய்களில் குளிர்ந்த காற்று போகும்; அதற்கான கம்ப்ரஸர் வீட்டுக்கு வெளியே நிற்கும். இவற்றின் ஆயுள் 15 முதல் 20 ஆண்டுகள். உலையையும் குளிர்சாதனத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமென்றால் 10,000 டாலர், 12,000 டாலர், 15,000 டாலர் என்று கேட்பது இன்று சாதாரணம். பெரிய வீடென்றால் அதற்கும் மேலே போகும்.

12,000 டாலர் என்றால் எவ்வளவு? ரூபாயில் மாற்றிப் பார்த்தால் கணக்கு சரியாக விளங்காது. உழைப்பில் மாற்றிப் பார்ப்போம். அமெரிக்க மத்திய சர்க்கார் விதித்துள்ள குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009ல் நிர்ணயித்த கூலி அது; பல மாகாணங்கள் இதைவிடக் கூட்டியிருந்தாலும், கூட்டாத மாகாணங்களும் ஏராளம். அந்தக் கூலிக்காரர் 12,000 டாலர் சம்பாதிக்க 1,655 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி என்றால் 41 வாரம்! அத்தனை வாரமும் உண்ணாமல், உடுக்காமல், ஒரு காசு செலவழிக்காமல் இருந்தால்தான் யந்திரம் வீட்டுக்கு வரும். மணிக்கு 20 டாலர் வாங்கும் நல்ல ஆலைத் தொழிலாளிக்குக்கூட அது 600 மணி நேர உழைப்பு. 15 வாரச் சம்பளம்.

கையில் சேமிப்பு இருக்காதா என்று கேட்கலாம். அமெரிக்க மத்திய வங்கி ஆண்டுதோறும் மக்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: எதிர்பாராமல் 400 டாலர் செலவு வந்தால் கைப்பணத்தைக் கொண்டு சமாளிப்பீர்களா? 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ‘சமாளிப்போம்’ என்றவர்கள் 100க்கு 63 பேர். மற்ற 37 பேர் கடன் வாங்க வேண்டும், பொருளை விற்க வேண்டும், அல்லது கையை விரிக்க வேண்டும். 400 டாலருக்கே இந்த நிலை என்றால் 12,000 டாலருக்கு?

இது ஆடம்பரமா?

“முடியாவிட்டால் யந்திரம் இல்லாமல் இருப்பதுதானே?” என்று கேட்பவர்களும் உண்டு. நமது மக்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தானே இருந்து வருகிறோம் என்று நமக்கும் தோன்றலாம்.

வடக்கு மாகாணங்களில் குளிர்காலத்தில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்து குழாய் வெடிக்கும். கணப்பில்லாத வீட்டில் குழந்தையும் கிழவரும் ஓர் இரவைக் கழிப்பதே ஆபத்து. தெற்கே அரிஸோனா பாலைவனத்தில் பீனிக்ஸ் என்ற பெருநகரம் இருக்கிறது. அங்கே 2023ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, விடாமல் 31 நாட்கள், தினமும் வெயில் 110 பாரன்ஹீட் டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. நமது கணக்கில் 43 டிகிரி. பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஓராண்டில் வெப்பத்தோடு தொடர்புடைய சாவுகள் 645. அவர்களில் தெருவில் கிடந்த வீடற்றவர்கள் பலர். ஆனால் ஏறத்தாழ கால்பங்குப் பேர் மடிந்தது வீட்டுக்குள்ளேயே. அந்த வீடுகளில் குளிர்சாதனம் இல்லையா? பெரும்பாலானவற்றில் இருந்தது, ஓடவில்லை. பழுதாகி நின்றிருந்தது, அல்லது மின்சாரம் இல்லை.

தோழர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். யந்திரம் சுவரோரம் நிற்கிறது. மனிதர் அதன் பக்கத்திலேயே கிடந்து சாகிறார். பழுது பார்க்கவும் மாற்றவும் பணம் இல்லாதவருக்கு அந்த யந்திரம் வெறும் இரும்புப் பெட்டி. மருந்து கடையில் இருந்தும் வாங்க வழியில்லாமல் நமது கிராமங்களில் மாண்டவர்களை நாம் அறிவோம். அதே கதைதான் அங்கே வேறு பொருளின் பெயரில் நடக்கிறது.

நூலுக்காகப் பிறந்த குளிர்ச்சி

இந்த யந்திரத்தின் பிறப்பைப் பஞ்சாலைத் தொழிலாளிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1902ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சாலை. காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் அச்சு கெட்டது. அதைச் சீர்செய்ய வில்லிஸ் காரியர் என்ற இளம் என்ஜினீயர் வகுத்த ஏற்பாடே நவீனக் குளிர்சாதனத்தின் தொடக்கம். 1906ல் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற பஞ்சாலை என்ஜினீயர், நூற்பாலையில் காற்றின் ஈரத்தைச் சரியாக வைக்கும் தமது முறைக்கு ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயர் வைத்தார். இன்று உலகமெல்லாம் வழங்கும் அந்தச் சொல் பிறந்த இடம் பஞ்சாலை!

கோவை, மதுரை மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று காய்ந்தால் நூல் அறும்; நூல் அறுந்தால் உற்பத்தி குறையும்; ஆகவே ஈரக் காற்று விட யந்திரம் உண்டு. அந்தக் காற்று இழைக்காக விடப்படுவது. இழையைப் பிடித்து நிற்கும் கைக்கு அது இதமாக இருக்கிறதா என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. காகிதத்தையும் நூலையும் காக்கப் பிறந்த யந்திரம் பின்னால் சந்தையைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று அது இல்லாமல் உயிர் வாழ முடியாத இடங்களில் நகரங்களே எழுப்பப்பட்டுவிட்டன. அது இல்லாமல் வாழ முடியாதென்று ஆன பிறகு, அதற்கு விலை சொல்பவர் சொன்னதுதான் விலை.

செய்பவருக்கும் மிச்சமில்லை, வாங்குபவருக்கும் மிச்சமில்லை

விலை சொல்பவர்கள் யார்? கடைக்குப் போனால் பத்துப் பதினைந்து பெயர்கள் தெரியும். பெயர்ப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் முதலாளி ஒருவரே. காரியர், பிரையன்ட், பெய்ன் ஆகிய மூன்றும் காரியர் கம்பெனியின் சரக்கு. டிரேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்டு இரண்டும் ஒரே வீடு. குட்மேன், அமானா என்ற பெயர்களுக்குப் பின்னால் நிற்பது ஜப்பானின் டைகின். 2012ல் 370 கோடி டாலருக்கு வாங்கியது. 2025ல் ஜெர்மனியின் போஷ் கம்பெனி, ஜான்ஸன் கண்ட்ரோல்ஸ், ஹிட்டாச்சி கம்பெனிகளின் வீட்டுக் குளிர்சாதனத் தொழிலை ஏறத்தாழ 800 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இதைத்தான் ‘சுதந்திரப் போட்டி’ என்கிறார்கள்.

பெரிய விலை வாங்கும் இந்தக் கம்பெனிகள் தொழிலாளிக்காவது நல்ல கூலி கொடுக்கின்றனவா? இந்தியானாபொலிஸ் நகரில் காரியர் கம்பெனிக்கு வீட்டுக் கணப்பு உலைகள் செய்யும் ஆலை ஒன்று உண்டு. 2016 பிப்ரவரியில் தொழிலாளர்களைக் கூட்டிவைத்து நிர்வாகம் அறிவித்தது: ஆலை மெக்ஸிகோவின் மான்டெரே நகருக்குப் போகிறது, 1,400 பேருக்கு வேலை போகும். ஆலை நஷ்டத்தில் ஓடியதா? இல்லை. மணிக்கு 20 டாலருக்கு மேல் வாங்கிய தொழிலாளியின் இடத்தில், அதில் ஒரு சிறு பங்கு கூலிக்கு ஆள் கிடைக்கும். ஆண்டுக்கு 6½ கோடி டாலர் மிச்சமாகும். இதுதான் கணக்கு!

ஐக்கிய எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் 1999வது கிளை எதிர்த்து நின்றது. தேர்தல் காலமானதால் டிரம்ப் இந்த ஆலையை மேடைக்கு மேடை பேசினார். வெற்றி பெற்றதும் வேலைகளைக் காப்பாற்றிவிட்டதாக முழங்கினார். நடந்தது என்ன? இந்தியானா மாகாணம் பத்தாண்டுகளில் 70 லட்சம் டாலர் சலுகை கொடுக்க முன்வந்தது. உலைப் பகுதியில் ஏறத்தாழ 800 வேலைகள் நின்றன. 600க்கு மேற்பட்டவர்கள் 2017ஆம் ஆண்டிலும் 2018 தொடக்கத்திலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

வேலையிழந்த அந்தத் தொழிலாளியின் வீட்டிலும் ஒரு கணப்பு உலை இருக்கும். அதுவும் ஒரு நாள் நிற்கும். தம் கையால் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பிய அதே உலையைச் சந்தை விலைக்கு வாங்க அவர் கடன்காரரைத் தேட வேண்டும். மெக்ஸிகோவில் கூலி குறைந்ததற்காக வீட்டுக்காரருக்கு விலை குறைந்ததா? குறையவில்லை. 2020க்குப் பின் இந்த யந்திரங்களின் விலை வெகுவாக ஏறியதே அனுபவம். கூலியில் மிச்சம் பிடித்ததும் விலையில் ஏற்றிப் பிடித்ததும் போய்ச் சேர்ந்த பெட்டி ஒன்றே.

மிஸ்திரி போய் விற்பனையாளர் வந்தார்

ஆலைக்கும் வீட்டுக்கும் இடையில் இன்னொரு வேட்டை நடக்கிறது. முன்பெல்லாம் பழுது பார்க்க வந்தவர் அதே ஊரில் சிறு பட்டறை வைத்திருந்த மிஸ்திரி. கடந்த சில ஆண்டுகளாக நியூயார்க் முதலிய இடங்களின் நிதி மூலதனக் கூட்டங்கள் இந்தச் சிறு பட்டறைகளை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்து வருகின்றன. பலகையில் பழைய பெயரே இருக்கும். லாபம் போகும் இடம் மட்டும் மாறிவிடும்.

இத்தகைய பல இடங்களில் வீட்டுக்கு வருபவருக்கு ‘சௌகரிய ஆலோசகர்’ என்று பட்டம். சம்பளத்தைவிடக் கமிஷனே பெரிது. நமது வீட்டு மின்விசிறி சுற்றாமல் நின்றால் மிஸ்திரி ‘கண்டென்சர்’ என்ற சின்ன டப்பாவை மாற்றிப் போடுகிறாரே, அதே போன்ற டப்பா அந்தப் பெரிய யந்திரத்திலும் உண்டு. அதன் சரக்கு விலை சில பத்து டாலர்கள். அது கெட்டாலும் யந்திரம் நிற்கும். டப்பாவை மாற்றினால் அவருக்கு என்ன கிடைக்கும்? முழு யந்திரத்தையும் மாற்றச் செய்தால் என்ன கிடைக்கும்? 43 டிகிரி வெயிலில், கைக்குழந்தையோடு நிற்கும் வீட்டுக்காரர் எதிர்த்து வாதம் செய்வாரா, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாரா? வருபவர்கள் எல்லாரையும் நாம் குறை சொல்லவில்லை; அவர்களும் வயிற்றுக்கு உழைப்பவர்களே. உண்மையைச் சொன்னால் தன் வருமானம் குறையும் என்ற நிலையில் ஓர் உழைப்பாளியை நிறுத்தியிருக்கும் முறையைத்தான் குறை சொல்கிறோம்.

வாயுவின் கதையும் இதுவே. குளிர்சாதனத்துக்குள் ஓடும் பழைய வாயுக்கள் வானத்தின் ஓஸோன் படலத்தைத் தின்றன. அடுத்து வந்தவை பூமியைச் சூடாக்குகின்றன. 1987ன் மான்ட்ரியல் ஒப்பந்தமும் 2016ன் கிகாலி திருத்தமும் இவற்றைக் குறைக்க உலக நாடுகள் செய்த ஏற்பாடுகள். அவை மனித குலத்துக்கு அவசியம், நாம் வரவேற்கிறோம். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் ஆர்-22 என்ற வாயுவைப் புதிதாகச் செய்வதும் இறக்குமதி செய்வதும் நின்றன. 2025 ஜனவரி 1 முதல் வீடுகளுக்கான புதிய யந்திரங்களில் ஆர்-410ஏ வாயுவுக்கு இடமில்லை என்று விதி வந்தது. பழைய யந்திரத்தில் புது வாயுவை ஊற்ற முடியாது; முழுவதையும் மாற்ற வேண்டும். ஓஸோனைத் தின்ற பழைய வாயுக்களை விற்றுக் கொழுத்தது டூபான்ட் கம்பெனி. 2015ல் அதிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் கம்பெனிதான் இன்று புது வாயுவையும் விற்கிறது. கெடுத்தவர்களுக்குக் கெடுத்தபோதும் லாபம், திருத்தும்போதும் லாபம். செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில்!

வரிச் சீட்டில் வந்த கடன்

கைப்பணம் இல்லாதவருக்குக் கடன் காத்திருக்கிறது. யந்திரம் விற்பவரே கடன் பத்திரத்தையும் கையோடு கொண்டுவருகிறார். அவற்றில் மிகக் கொடியது ‘பேஸ்’ என்ற ஏற்பாடு. கலிபோர்னியா, புளோரிடா, மிஸௌரி மாகாணங்களில் இது பரவியது. குளிர்சாதனத்தையோ கூரைச் சூரியத் தகடுகளையோ இன்று மாட்டிக்கொள்ளலாம். கடனை ஆண்டுதோறும் வீட்டு வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பல இடங்களில் தரகர்கள் வீடு வீடாகப் போய், வயதானவர்களிடமும் ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள். “இது சர்க்கார் திட்டம், செலவே இல்லை” என்று சொல்லப்பட்டதாகப் புகார்கள் குவிந்தன.

வரி பாக்கி என்றால் என்னவென்று நமது விவசாயிக்குச் சொல்ல வேண்டுமா? ஜப்தி, ஏலம்! அங்கேயும் அப்படித்தான். தவணை தவறினால் குளிர்சாதனத்தைக் கழற்றிப் போவதோடு நிற்காது, வீடே போகும். அமெரிக்க சர்க்காரின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தக் கடன் வாங்கியவர்களின் வீட்டு வரி ஆண்டுக்குச் சராசரி 2,700 டாலர் போல ஏறியது. வீட்டுக் கடன் தவணை தவறுவதும் கூடியது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம், மக்களுக்குத் தகுந்த பாதுகாப்பு இல்லையென்று கண்டு, 2020ல் திட்டத்தையே நிறுத்தியது. கடன் வாங்குபவரால் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும் என்று விதி செய்ய 2018லேயே சட்டம் இயற்றப்பட்டது. விதி வெளிவந்தது 2024 டிசம்பரில்! ஆறு ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் இந்தச் சுமை ஏறியிருக்கும்?

சர்க்கார் யாருக்குக் கை கொடுத்தது?

சர்க்கார் உதவியே செய்யவில்லையா? செய்தது. யாருக்கு என்பதே கேள்வி. ‘ஹீட் பம்ப்’ என்றொரு யந்திரம் உண்டு. குளிர்காலத்தில் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். கோடையில் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும். எரிபொருள் மிச்சமாகும். 2022ல் இயற்றிய சட்டத்தின்படி இதை மாட்டுபவருக்குச் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர், வருமான வரியில் கழிவு கிடைத்தது. வரியில்தான் கழிவு; கையில் பணம் இல்லை. வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு ஒரு சென்ட்டும் கிடையாது. முதலில் முழுப் பணத்தையும் போட வழியில்லாதவருக்கும் கிடையாது.

இது நமது கற்பனையல்ல. போரன்ஸ்டீன், டேவிஸ் என்ற இரண்டு கலிபோர்னியாப் பொருளாதார அறிஞர்கள், 2006 முதல் கொடுக்கப்பட்ட இத்தகைய வரிக் கழிவுகளைக் கணக்கிட்டு 2016ல் எழுதினார்கள். வருமானத்தில் மேல்தட்டில் உள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போனது ஏறத்தாழ 60 சதவீதம். கீழே உள்ள ஐந்தில் மூன்று பங்கினருக்கு, அதாவது பெரும்பான்மை மக்களுக்கு, எட்டியது ஏறத்தாழ 10 சதவீதம். அந்தக் கழிவையும் டிரம்ப் சர்க்கார் விட்டுவைக்கவில்லை. 2025 ஜூலை 4ல் கையெழுத்தான சட்டம் அதை 2025 டிசம்பர் 31 உடன் முடித்துவிட்டது. கணப்புக்கும் குளிர்ச்சிக்கும் ஆகும் கட்டணத்தில் ஏழைகளுக்கு உதவ 1981ல் ஏற்பட்ட மத்தியத் திட்டம் ஒன்றும் உண்டு. 2025 ஏப்ரலில் அதைக் கவனித்து வந்த மத்திய ஊழியர்கள் அனைவருக்கும் வேலைநீக்க உத்தரவு வந்தது.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 2023ல் கணப்புச் சட்டம் வந்தபோது, செலவை யார் ஏற்பது என்று நாடே கொதித்தது. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு 2024ல் நடைமுறைக்கு வந்த விதிகளில், வீட்டுக்காரர்களுக்கு அடிப்படையாக 30 சதவீத மானியமும், ஆண்டு வருமானம் 40,000 யூரோவுக்கு உட்பட்டவர்களுக்கு மேலும் 30 சதவீதமும் வைத்தார்கள். எல்லாம் சேர்ந்து 70 சதவீதம் வரை, அதாவது 21,000 யூரோ வரை போகலாம். ஏழைக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் அங்கேயும் இன்னொரு பக்கம் உண்டு. வாடகை வீட்டில் யந்திரத்தை மாற்றினால், செலவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வாடகையில் ஏற்ற உரிமையாளருக்கு அனுமதி தரப்பட்டது. குடியிருப்பவர்கள் போராடிப் பெற்றது அதற்கு ஓர் உச்சவரம்பு மட்டுமே. மானியப் பணத்தின் வாசனையை மோப்பம் பிடித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் பழைய கணப்புக் கம்பெனியான பீஸ்மானின் இந்தத் தொழிலை 1,200 கோடி யூரோவுக்கு வாங்கப்போவதாக 2023 ஏப்ரலில் அறிவித்தது, இந்தியானாபொலிஸ் தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பிய அதே காரியர் கம்பெனி!

‘சொந்தம்’ என்ற சொல்

1872ல் ஏங்கல்ஸ் குடியிருப்புப் பிரச்சினையைப் பற்றி எழுதியபோது, தொழிலாளியைச் சொந்த வீட்டுக்காரராக்கினால் எல்லாத் துன்பமும் தீரும் என்ற வாதத்தைத் தோலுரித்துக் காட்டினார். கூலியடிமையாக இருக்கும் வரை வீடு அவரை ஓரிடத்தில் கட்டிப்போடும் தளையாகிவிடலாம். முதலாளி அதைக் காட்டியே கூலியைக் குறைக்கலாம் என்று எச்சரித்தார். இன்றைய அமெரிக்கத் தொழிலாளி வீட்டுக் கடனுக்கு 30 ஆண்டுத் தவணை கட்டுகிறார். அதற்கு நடுவில் யந்திரத்துக்கு 10 ஆண்டுத் தவணை. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் யந்திரத்தின் ஆயுளே முடியப் பார்க்கிறது. வேலைநிறுத்தம் என்றால் தவணை நினைவுக்கு வருகிறது. தவணை தவறினால் வீடு போகும் என்ற அச்சம் வருகிறது. பத்திரத்தில் அவர் உடைமையாளர். நடைமுறையில் வங்கிக்கும் யந்திரக் கம்பெனிக்கும் கப்பம் கட்டும் குடியானவர்.

ஆகவே அமெரிக்க உழைப்பாளிகள் கேட்க வேண்டியவை என்னவென்று நாம் கருதுகிறோம்? உயிர் காக்கும் யந்திரத்துக்கு விலைக் கட்டுப்பாடு வேண்டும். வரிக் கழிவுக்குப் பதிலாக, யந்திரம் மாட்டும் அன்றே கிடைக்கும் மானியம் வேண்டும். வருமானம் குறைந்தவருக்குக் கூடுதலாக வேண்டும். யந்திரக் கடனுக்காகக் குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யக் கூடாது. உரிமையாளர் தம் கட்டடத்துக்குச் செய்யும் செலவைக் குடியிருப்பவரின் வாடகையில் ஏற்றக் கூடாது. இந்தியானாபொலிஸிலும் மான்டெரேயிலும் ஒரே கம்பெனிக்கு உழைப்பவர்கள் ஒரே சங்கக் குரலில் பேச வேண்டும். அது நடந்தால்தான் ஓரிடத்துக் கூலியைக் காட்டி மற்றோரிடத்தில் மிரட்டும் வித்தை நிற்கும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

முதலாவதாக, அந்தக் கம்பெனிகள் நமது நாட்டிலும் கடை விரித்திருக்கின்றன. தவணைச் சீட்டும் கூடவே வருகிறது. வெயில் ஏற ஏற, ‘உன் வெப்பத்துக்கு நீயே பொறுப்பு, முடிந்தால் யந்திரம் வாங்கு, முடியாவிட்டால் வேகு’ என்ற தத்துவம் இங்கேயும் பரப்பப்படும். அமெரிக்க வீட்டுக்காரரின் கதை நமக்கு முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை.

இரண்டாவதாக, வெப்பம் தனி வீட்டின் பிரச்சினையல்ல. 1948ன் தொழிற்சாலைச் சட்டத்தில் 13வது பிரிவு ஆலையின் காற்றோட்டத்துக்கும் வெப்பநிலைக்கும், 15வது பிரிவு செயற்கை ஈரப்பதத்துக்கும் முதலாளியைப் பொறுப்பாக்கியது. அவை தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற பாதுகாப்புகள். 2025 நவம்பர் 21ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்து அந்தச் சட்டத்தின் இடத்தை மாற்றினார்கள். மில்லில் நூலுக்குக் கிடைக்கும் கவனிப்பு ஆளுக்கும் கிடைக்கிறதா என்பதை ஒவ்வொரு சங்கமும் இன்று முன்னைவிடக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, வயலில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கு எந்த யந்திரமும் துணையில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லது. செத்த பிறகு கிடைக்கும் நிவாரணத்தோடு நின்றுவிடலாகாது. உச்சி வெயிலில் கூலி குறையாமல் ஓய்வு, நடவு நடக்கும் இடத்தில் குடிநீரும் நிழலும், கொதிக்கும் தகரக் கூரைக்குப் பதிலாகச் சூடு இறங்காத கூரை: இவை சர்க்காரும் நிலச்சொந்தக்காரரும் செய்ய வேண்டியவை. வெள்ளம் வந்தால் அணை கட்டுவதும் படகு அனுப்புவதும் சர்க்காரின் கடமை என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வெப்பமும் பேரிடரே என்றால், அதிலிருந்து காப்பதும் பொதுக் கடமையே.

பீனிக்ஸ் நகரத்து வீட்டில் ஓடாத யந்திரத்தின் பக்கத்தில் மாண்டவரும், சித்திரை வெயிலில் வரப்பில் சுருண்டு விழும் நமது தோழரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரின் உயிரையும் விலை வைத்து எடை போடும் முறை ஒன்றே. அடுத்த சங்கக் கூட்டத்திலும் கிராமக் கிளைக் கூட்டத்திலும் தோழர்கள் இந்த விஷயத்தை எடுத்துப் பேச வேண்டும். நமது மில்லில், நமது வயலில், நமது சேரியில் வெயிலுக்கு என்ன பாதுகாப்பு உண்டு, என்ன இல்லை என்று பட்டியல் எடுத்து, கோடை பிறக்கும் முன்பே கோரிக்கையாக வைக்க வேண்டும். மூச்சு விடும் காற்றுக்கும் கப்பம் கட்டும் காலம் நமது பிள்ளைகளுக்கு வராமல் தடுப்பது நமது ஒற்றுமையிலும் போராட்டத்திலும்தான் இருக்கிறது.